ஆச்சியின் மூக்குப்பேணி

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெஞ்சில் நிலைத்தவர்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் புலவர்களையும் பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையுமே நினைவுகூருவர். நான் பேசப்போவது கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம் இட்ட ஒரு மூதாட்டியைப் பற்றி. எனது தாயாரின் தாயார். அம்மம்மா என்று அழைப்பவர்களும் உளர். நாங்கள் ஆச்சி என்றே அழைத்தோம். ஊரிலே பெரும்பாலானோருக்கும் அவர் ஆச்சிதான். 1913 ஆம் ஆண்டு பிறந்து 1998 ஆம் ஆண்டு காலமானார்.

யாழ்ப்பாணத்திலே ஒருவர் காலமானால் அந்தியேட்டியன்று கல்வெட்டு அச்சிட்டு வழங்குவது வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆச்சியின் கல்வெட்டை எழுதியவன் நானே. வெண்பாவும் விருத்தமுமாக, தளை தட்டாமல், வந்தாரை வாழவைத்தார், வறியோரைக் காத்தார் என்றெல்லாம் எழுதினேன். அவை பொய்யல்ல. ஆனாலும் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கல்வெட்டிலே அதற்கு இடமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் நூற்றாண்டுக்கு மேல் கழிந்துவிட்டது. இன்று அதையும் சேர்த்துச் சொல்லலாமென்று வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வலிகாமத்திலே சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ளது. செம்பாட்டு மண். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் விளையும் பூமி. ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே கிணறுதான் சகலமும். ஆச்சியின் வளவுக் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. துலா மிதித்து இறைத்த காலம் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. பிறகு வோட்டர் பம்ப் வந்தது.

அப்பு இளவயதிலேயே காலமாகிவிட்டார். பதினாறு பரப்புத் தோட்டக்காணியை வைத்துக்கொண்டு ஆச்சி நான்கு பிள்ளைகளை வளர்த்தார். பணக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் வீட்டு அடுப்பிலே வீட்டாருக்கு மட்டும் அளந்து உலை வைத்ததை நான் காணவில்லை. அரிசி களையுமுன் ஒரு பிடி அள்ளி மூலையிலிருக்கும் முட்டியிலே போடுவார். பிடியரிசி. சைவப் பள்ளிக்கூடங்களுக்கும் மடங்களுக்கும் வீடுவீடாகப் பிடியரிசி தண்டிய வழக்கம் எங்கள் பக்கத்திலே இருந்தது. தண்டுவோர் வருவது நின்ற பின்னும் ஆச்சியின் கை நிற்கவில்லை. முட்டி நிறைந்தால் யாருக்குப் போகவேண்டுமென்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை எவருக்கும் சொல்லமாட்டார்.

கொடுக்கிற விதத்திலேதான் ஆச்சி தனித்தன்மை வாய்ந்தவர். "மோனை, இந்த முருங்கைக்காய் முத்தப் பாக்குது. நீ கொண்டுபோய்க் கறி வைச்சியெண்டால் எனக்கொரு உதவி" என்பார். வாங்குகிறவள்தான் ஏதோ உபகாரம் செய்கிறாள் போலிருக்கும். இன்னொன்று சொல்கிறேன். எங்கள் ஊரிலே பலகாரமோ பனங்கிழங்கோ பனையோலைப் பெட்டியில் வைத்து அயலுக்கு அனுப்பினால், அந்தப் பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது. இரண்டு எலுமிச்சங்காயாவது போட்டு அனுப்பவேண்டும். திருப்பிப் போடுவதற்கு எதுவுமில்லாத வீடுகளும் இருந்தன அல்லவா? அந்த வீடுகளுக்கு ஆச்சி ஒருபோதும் பெட்டியில் அனுப்பியதில்லை. வாழையிலையிற் சுற்றி அனுப்புவார். இலையை யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்? சிறுவனாகிய நான் இதைப் பல காலம் கவனிக்கவில்லை. பெட்டி தட்டுப்பாடு என்றுதான் எண்ணியிருந்தேன்.

1973, 74 ஆம் ஆண்டுகளை இப்போது எழுபது வயதைத் தாண்டிய நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. விடியுமுன் பாண் வரிசை. அரிசியை மாவட்டத்துக்கு மாவட்டம் கொண்டுசெல்லவும் கட்டுப்பாடு. மறுபுறத்திலே வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வராதபடியால் எங்கள் தோட்டக்காரர்களுக்கு அது பொற்காலம். பலர் கல்வீடு கட்டினார்கள். ஆச்சியின் வீட்டு முன்விறாந்தை ஓலைக்கூரையாகவே இருந்தது. அந்த இரண்டு போகத்துக் காசும் எங்கே போயிற்று என்று மாமா ஒருநாள் சத்தம் போட்டார். ஆச்சி பதில் சொல்லவில்லை. ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தவர் அகப்பையை எடுத்து அவருக்கு முதலில் வார்த்தார். அந்த வாக்குவாதம் அத்துடன் முடிந்தது.

இவ்வளவும் கல்வெட்டிலே வந்த ஆச்சி.

இனி மற்றதைச் சொல்லவேண்டும். ஆச்சி வீட்டிலே ஒரு மூக்குப்பேணி இருந்தது. இக்காலப் பிள்ளைகள் அதைக் கண்டிருக்கமாட்டார்கள். பித்தளையிலே செய்த பேணி. ஒரு பக்கத்திலே சிறிய மூக்கு வைத்திருக்கும். உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கு வசதி. ஆச்சியின் சீதனப் பாத்திரங்களோடு வந்தது அது. வருகிறவர்களுக்கெல்லாம் புளிபோட்டு மினுக்கிய அந்தப் பேணியிலேதான் தண்ணீர், மோர், பிறகு தேத்தண்ணீர்.

எல்லோருக்கும் அல்ல. வேலி அடைக்க வருகிறவருக்கும் வெங்காயம் கிண்ட வருகிற பெண்களுக்கும் சிரட்டை. கஞ்சியென்றால் பனையோலையிற் கோலிய பிளா. கோடிப்புறத்து வேலியிலே அந்தச் சிரட்டைகள் செருகிக் கிடக்கும். அவர்கள் கிணற்றுக்கட்டில் ஏறமாட்டார்கள். யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்து நிற்பார்கள். பெரும்பாலும் ஊற்றியவன் நான். செம்பை உயர்த்திப் பிடித்து, சிரட்டையிலே செம்பு முட்டிவிடாமல் ஊற்றவேண்டுமென்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். அதை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதற்காக மெச்சப்பட்டுமிருக்கிறேன்.

வேலி அடைக்க வருகிறவர் சில நாட்களில் தன் மகளையும் கூட்டிவருவார். என் வயதுதான் இருக்கும், ஒன்பது அல்லது பத்து. கிடுகு எடுத்துக் கொடுப்பாள். வேலை இல்லாதபோது மண்ணிலே ஈர்க்கினால் எழுத்து எழுதிக்கொண்டிருப்பாள். எழுத்தறியாத ஆச்சிக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. "இது என்ன எழுத்து மோனை?" என்று குனிந்து குனிந்து கேட்பார். அடுத்த தவணை தொடங்கியபோது அவளுக்குக் கொப்பியும் சிலேற்றும் வாங்க ஆச்சி காசு கொடுத்தார். அந்த உதவி அவள் பரீட்சைகள் எல்லாம் முடிந்து ஆசிரியர் கலாசாலைக்குப் போகும்வரை நிற்கவில்லை. சட்டைத்துணி, பரீட்சைக் கட்டணம், பஸ் காசு. மாமா சத்தம் போட்ட அந்த வெங்காயக் காசிலே ஒரு பங்கு அங்கேதான் போயிருக்கிறது என்பதைப் பிறகு அறிந்தேன்.

ஆனால் அத்தனை ஆண்டுகளிலும் அவள் குடித்தது சிரட்டையிலேதான். கலாசாலைக்குத் தெரிவாகிய செய்தியைச் சொல்ல அவள் சேலை உடுத்து வந்த நாளிலும் படலைக்கு அப்பால் நின்றாள். "நாச்சியார்" என்று அழைத்தாள். ஆச்சி மனம் பூரித்து, கண்கலங்கி, கோடிப்புறம் போய்ச் சிரட்டையை எடுத்துக் கழுவி மோர் கொண்டுவந்தார். மோரிலே பச்சைமிளகாயும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டிருந்தார். தன் பேரப்பிள்ளைக்குச் செய்வது போலத்தான் செய்தார். பாத்திரம் மாத்திரம் வேறு.

"அந்தக் காலம் அப்படி" என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வர். நானும் நெடுங்காலம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. 1966 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலே போராட்டம். இரண்டும் எங்கள் ஊரிலிருந்து சைக்கிளிற் போய்வரக்கூடிய தூரம். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' 1960 இலேயே நூலாகிச் சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. அவற்றை நான் வாசித்தேன், மற்றவர்களோடு விவாதித்தேன், கூட்டங்களிலே பேசினேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து செம்பை உயர்த்திப் பிடித்தேன். ஆச்சிக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவனும் நானே. மாவிட்டபுரச் செய்தியை வாசித்தபோது ஆச்சி, "பாவங்கள், கும்பிட்டால் கும்பிட்டிட்டுப் போகட்டுமன்" என்றார். அவ்வளவுதான். அது வேறு, வீட்டுச் சிரட்டை வேறு என்று அவருக்கு இருந்தது. பெட்டிக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்தவர், வாங்குகிறவரின் முகம் வாடக்கூடாதென்று அவ்வளவு கவனமாயிருந்தவர், இதை ஏன் காணவில்லை என்பதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதிக்கு வருகிறேன். வலிகாமத்து மக்கள் எல்லோரையும் தென்மராட்சிக்குப் போகுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்த மாலை. இலட்சக்கணக்கான சனம் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. மழை. எண்பத்திரண்டு வயது ஆச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் என் சால்வையாற் கட்டி, நான் உருட்டினேன். நல்லூரிலிருந்து செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது. காலை எடுத்து வைக்க இடமில்லாத நெரிசல். மழைநீரைக் குடையிலே ஏந்திப் பிள்ளைகளுக்குப் பருக்கியவர்களைக் கண்டேன். ஆச்சியின் மடியிலே ஒரு சீலைப்பொட்டலம் இருந்தது. காணி உறுதி, விபூதிப்பை, மூக்குப்பேணி.

மீசாலையிலே ஒரு பாடசாலை மண்டபத்திலே மூன்று இரவுகள் கிடந்தோம். நான்காம் நாள் காலை, பெரிய வாளியொன்றிலே கஞ்சியுடன் ஒரு பெண்மணி வந்தார். எங்கள் ஊர்ச் சனம் யாராவது இருக்கிறார்களா என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் ஆச்சியைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தார். "ஆச்சி!" என்றார். அதே பெண். மீசாலையிலே திருமணமாகி, அவ்வூரிலே ஆசிரியையாக இருந்தார். நாச்சியார் என்று அழைக்கவில்லை என்பதை ஆச்சி கவனித்தார். அவர் கண் ஒருமுறை என் பக்கம் திரும்பியது.

அன்று மத்தியானமே எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மாமரங்களும் பலாமரங்களும் நின்ற வளவு. ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அங்கே இருந்தன. ஆச்சிக்கென்று உள்ளறையிலே கட்டிலை ஒழித்துக் கொடுத்தார்கள். மாலையிலே கண்ணாடிக் கிளாசிலே தேத்தண்ணீர் வந்தது. கடித்துக்கொள்ளப் பனங்கட்டித் துண்டு. சீனி யானை விலை விற்ற காலம்.

"எனக்கு வேண்டாம் மோனை" என்றார் ஆச்சி.

ஆசிரியை வற்புறுத்தவில்லை. முகமும் மாறவில்லை. கட்டிலருகே ஸ்டூலிலே கிளாசை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். எனக்கு நிலத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தேத்தண்ணீர் ஆறி மேலே ஆடை படர்ந்தது. பாடசாலையிலே யார் யாரோ சமைத்ததை மூன்று நாட்கள் உண்டவர்தான் ஆச்சி. அங்கே யார் என்று தெரியாது. இங்கே தெரியும்.

நடுச்சாமம் இருக்கும். ஜாம் போத்தல் விளக்கு முணுக்முணுக்கென்று எரிந்தது. விழித்துப் பார்த்தேன். ஆச்சி கட்டிலிலே எழுந்து உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தை அவிழ்த்து மூக்குப்பேணியை எடுத்தார். கிளாசிலிருந்ததைப் பேணியிலே ஊற்றப்போனார். பிறகு என்ன நினைத்தாரோ, பேணியைக் கீழே வைத்துவிட்டுக் கிளாசையே எடுத்து, அண்ணாந்து, உதடு படாமல், ஆறிய தேத்தண்ணீரை முழுவதும் குடித்தார். விடியற்காலையிலே அவர் கிணற்றடியிலே நின்று, தானே தண்ணீர் அள்ளி, அந்தக் கிளாசைக் கழுவுவதைக் கண்டேன். ஒரு கிளாசுக்கு அவ்வளவு நேரம் கழுவத் தேவையில்லை.

இதற்குப் பிறகு ஆச்சி முற்றாக மாறிவிட்டார் என்று சொன்னால் கதை நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு நாள் குடிப்பார், ஒரு நாள் வயிறு சரியில்லை என்பார். மார்கழியிலே கடுங்காய்ச்சல் வந்தது. மருந்துத் தட்டுப்பாடு. எட்டு நாட்கள் ஆசிரியைதான் தலையை மடியிலே வைத்துக் கரண்டியாற் கஞ்சி பருக்கினார். காய்ச்சல் விட்ட பிறகு வயிறு சரியில்லை என்ற பேச்சு எழவில்லை. நிவாரண அரிசி வந்தபோது ஆச்சி ஒரு வெற்றுப் பால்மாப் பேணியைத் தேடியெடுத்து, தன் பங்கிலிருந்து ஒரு பிடியை அதிலே போட்டார். அடுத்த வளவிலே கொட்டில் போட்டிருந்த கைக்குழந்தைக்காரியிடம் அது போயிற்று. வாழையிலையிலே.

ஒருநாள் இருவரும் திண்ணையிலே இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருந்தேன்.

"உனக்குச் சிரட்டையிலை தந்தது நினைவிருக்கே பிள்ளை?"

"மறக்கேலுமே ஆச்சி?"

சிறிது நேரம் பேச்சில்லை.

"கொப்பிக்காசு தந்ததும் மறக்கேல்லை. ரண்டையும் நீங்கள்தானே தந்தனீங்கள்."

"என்ரை தாய் காட்டித் தந்ததை நான் செய்தன்" என்றார் ஆச்சி.

"கொப்பிக்காசும் கொம்மாவோ காட்டித் தந்தவ?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. இலை உருவிய ஈர்க்குகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். மன்னிப்பு என்ற சொல் அங்கே எழவில்லை. எங்கள் வீடுகளிலே அச்சொல் புழங்குவதில்லை. ஆசிரியை அதை எதிர்பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமை எனக்கில்லை. செம்பு பிடித்த கை என்னுடையது.

1996 ஏப்ரலிலே தென்மராட்சியும் இராணுவத்தின் வசமாகி, சனங்கள் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியபோது நாங்களும் திரும்பினோம். வீட்டிலே பித்தளைச் சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. கதவு நிலைகளையும் கழற்றியிருந்தார்கள். கோடிப்புறத்து வேலியிலே சிரட்டைகள் அப்படியே இருந்தன. ஆச்சி அவற்றைப் பார்த்தார். முதல் உலை வைத்தபோது விறகில்லை என்று சொல்லி அவற்றைத்தான் எரித்தார். உண்மையிலேயே விறகு இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இரண்டு நாட்கள் கழித்துத்தான் மூக்குப்பேணியைக் காணவில்லை என்பது தெரிந்தது. மீசாலையிலே விட்டுவிட்டு வந்திருக்கிறார். "மறந்து போனன் மோனை" என்றார். காணி உறுதியை மறக்கவில்லை, விபூதிப்பையை மறக்கவில்லை. நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். "கிடக்கட்டும். பெட்டியெண்டால் திருப்பி அனுப்பவேணும், இது பேணிதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். அவர் காலமான செய்தி கேட்டு ஆசிரியை மீசாலையிலிருந்து சைக்கிளில் வந்தார். பெண்களோடு உள்ளே இருந்து அழுதார். எங்கள் உறவுப்பெண்கள் சிலர் எழுந்து வெளியே போனதையும் நான் பார்த்தேன்.

2000 ஆம் ஆண்டிலே சண்டை தென்மராட்சிக்கு வந்தது. இம்முறை இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். சாவகச்சேரிப் பட்டினமே தரைமட்டமாயிற்று. ஆசிரியையின் வீட்டிலே ஒரு சுவர்தான் நின்றது. சில ஆண்டுகள் சென்று, மீள்குடியேறிய பின்னர் அவரைப் போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு தகரக் கொட்டில் போட்டிருந்தார். மாமரங்களிலே இரண்டு மிஞ்சியிருந்தன. தேத்தண்ணீர் தந்தார். குடித்தேன். நான் பேணியைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"வந்த உடனை ரண்டு நாள் கல்லைக் கிளறிப் பாத்தனான் சேர். உறுதி தேடுறனெண்டு இவர் நினைச்சார். நான் தேடினது பேணியை. கிடைக்கேல்லை. மூக்கு மட்டும் உடைஞ்சு கிடந்தது."

எழுந்து போய்ப் புகைபடிந்த ஒரு ரின்னை எடுத்துவந்தார். ஊசி, நூல், பழைய பொத்தான்கள். அவற்றினிடையே விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் துண்டு. புளி போட்டு மினுக்கியிருந்தார்.